தகவல் உரைக்கு மார்க் போடுவது எப்படி? குரல் வளம் உள்ளவர்களே எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகிறார்கள்

கரும்பலகை (கேள்வி)

ஒன்பதாம் வகுப்பு, 38 மாணவர்கள், 45 நிமிடப் பாடவேளை. ஆளுக்கு ஒரு தகவல் உரை, மொத்தம் 25 மதிப்பெண். இப்போது கையில் உள்ள மதிப்பீட்டுத் தாளில் ஐந்து தலைப்புகள்: உள்ளடக்கம், உச்சரிப்பு, குரல் ஏற்ற இறக்கம், உடல்மொழி, தன்னம்பிக்கை. ஒவ்வொன்றுக்கும் 5.

இதில் மூன்று சிக்கல்கள். கணீரென்று பேசுபவர் சரக்கே இல்லாமல் 20-ஐத் தாண்டிவிடுகிறார். நன்றாகப் படித்துத் தயாரித்துவிட்டுத் தயங்கித் தயங்கிப் பேசுபவர் 13, 14-இல் நிற்கிறார். இரண்டாவது, இதே தாளை வைத்து இன்னொரு பிரிவுக்கு மதிப்பெண் போடும் ஆசிரியருக்கும் எனக்கும் ஒரே உரைக்கு 5, 6 மதிப்பெண் வரை வித்தியாசம் வருகிறது. மூன்றாவது நேரம். 38 பேரையும் கேட்டு முடிப்பதற்குள் பாடத்திட்டம் பின்தங்கிவிடுகிறது.

தாளை மாற்றினால் போதுமா, நடத்தும் முறையையே மாற்ற வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

---

நான்காம் பெஞ்ச்

தாளில்தான் முதல் கோளாறு. உங்கள் ஐந்து தலைப்புகளில் நான்கு, பேசுபவர் எப்படித் தெரிகிறார், எப்படி ஒலிக்கிறார் என்பதைப் பற்றியவை. 25-இல் 20 அங்கே போய்விட்டது. பிறகு குரல் வளம் உள்ளவர் ஜெயிக்காமல் வேறு யார் ஜெயிப்பார்? அது மேடைப் பேச்சுப் போட்டிக்கான தாள். தகவல் உரைக்கு வேலை வேறு: கேட்பவருக்குத் தெரியாத ஒன்றை, அவருக்குப் புரியும்படி, பிழையில்லாமல் கொண்டுசேர்ப்பது. அந்த வேலை நடந்ததா என்பதற்குத்தான் பெரும்பங்கு மதிப்பெண் போக வேண்டும்.

25-ஐ இப்படிப் பிரித்துப் பாருங்கள். தலைப்பும் நோக்கமும் 3, அமைப்பு 5, உள்ளடக்கமும் விளக்கமும் 8, ஆதாரம் சொல்வது 3, குரலும் உடல்மொழியும் சேர்த்து 4, கேள்விக்குப் பதில் 2. "தன்னம்பிக்கை" என்ற வரியை அடித்துவிடுங்கள். அது கண்ணால் பார்க்கக்கூடிய செயல் அல்ல, நம் மனதில் எழும் அபிப்பிராயம். ஒருவர் நேராக நின்றாரா, கடைசி பெஞ்ச் வரை கேட்டதா, பாதியில் நிறுத்தினாரா என்பதையெல்லாம் பார்க்க முடியும். இரண்டு ஆசிரியர்களுக்கு இடையே 5, 6 மதிப்பெண் வேறுபடுவதற்கு இந்த மாதிரி வரிகளே பெரும்பாலும் காரணம்.

தலைப்புக்கு 3 எதற்கு என்று தோன்றலாம். பாதி உரைகள் அங்கேயே விழுந்துவிடுகின்றன. "நிலநடுக்கம்" என்று எடுத்தால் மூன்று நிமிடத்தில் பாடப்புத்தகத்தின் முதல் பத்தியைத்தான் ஒப்பிக்க முடியும். "நிலநடுக்க அளவில் ஓர் எண் கூடினால் உண்மையில் எவ்வளவு கூடுகிறது" என்று சுருக்கினால் சொல்வதற்கு விஷயம் கிடைக்கிறது. இன்னொரு பொறி, தகவல் உரை என்று தொடங்கி அறிவுரையாக முடிவது. "பிளாஸ்டிக்கைத் தவிர்ப்போம்" வற்புறுத்தும் உரை. "பிளாஸ்டிக் ஏன் மட்குவதில்லை" தகவல் உரை. மாணவர் உரையைத் தயாரிக்கத் தொடங்கும் முன்பே தலைப்பை வாங்கிப் பார்த்து இதைத் திருத்திவிடலாம். "இந்த உரை முடிந்ததும் கேட்டவர்களுக்கு ___ தெரிந்திருக்கும்" என்ற வாக்கியத்தின் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லுங்கள். நிரப்ப முடியாத தலைப்பு இன்னும் தயாராகவில்லை என்று பொருள்.

அடுத்து, ஒவ்வொரு வரிக்கும் எந்த மதிப்பெண்ணுக்கு என்ன தெரிய வேண்டும் என்று எழுதிவைக்க வேண்டும். "மிக நன்று, நன்று, சுமார்" என்று எழுதினால் ஒன்றும் எழுதாததற்குச் சமம். மாதிரிக்கு அமைப்பு (5):

5: முதல் அரை நிமிடத்துக்குள் மையக்கருத்தை ஒரே வாக்கியத்தில் சொல்கிறார், எந்தெந்தப் பகுதிகளைப் பேசப்போகிறார் என்று முன்கூட்டியே அறிவிக்கிறார், 2 அல்லது 3 பகுதிகள் தெளிவாகப் பிரிந்திருக்கின்றன, ஒன்றை முடித்து அடுத்ததற்குப் போகும்போது அதைச் சொல்லிவிட்டுப் போகிறார், முடிவு மையக்கருத்துக்குத் திரும்புகிறது.
4: மேற்கண்ட ஐந்தில் ஒன்று இல்லை.
3: பகுதிகள் இருக்கின்றன, ஆனால் எங்கே பிரிகின்றன என்பதைக் கேட்பவரே ஊகிக்க வேண்டியிருக்கிறது.
2: தொடக்கமும் முடிவும் உண்டு, நடுவே தகவல்கள் குவியலாகக் கிடக்கின்றன, வரிசையை மாற்றினாலும் வித்தியாசம் தெரியாது.
1: தொடக்கமோ முடிவோ கூட இல்லை.

இந்த "வரிசையை மாற்றினாலும் வித்தியாசம் தெரியாது" என்பது நல்ல உரைகல். காரணம் விளைவு, காலவரிசை, முழுமையும் உறுப்பும், படிப்படியான செய்முறை என்று ஏதாவது ஓர் ஒழுங்கு இருந்தால் பகுதிகளை இடம் மாற்றியதும் உரை உடைந்துவிடும்.

உள்ளடக்கத்தின் 8-ஐ இரண்டாகப் பிரிப்பது நல்லது: சரியாக இருக்கிறதா என்பதற்கு 4, புரியும்படி விளக்கினாரா என்பதற்கு 4. ஒட்டிவைத்தால் சரியான ஆனால் புரியாத உரையும், புரிகிற ஆனால் தவறான உரையும் ஒரே மதிப்பெண் வாங்கும். நிலநடுக்க உதாரணத்திலேயே, "6-ஐவிட 7 கொஞ்சம் பெரியது" என்றால் சரித்தன்மையில் அடிபடும். "ஓர் எண் கூடினால் அதிர்வின் வீச்சு 10 மடங்கு, வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு" என்றால் சரி. ஆனால் அதை ஒப்பித்துவிட்டு நகர்ந்தால் விளக்கத்தில் 2-க்கு மேல் கிடையாது. 5-லிருந்து 7-க்குப் போனால் ஆற்றல் 32-ஐ 32-ஆல் பெருக்கி ஏறத்தாழ ஆயிரம் மடங்கு ஆகிறது என்று கேட்பவர் கண்முன் கணக்குப் போட்டுக் காட்டினால் முழு 4.

படம், ஸ்லைடு, மாதிரிப் பொருள் ஆகியவற்றுக்குத் தனி வரி வேண்டாம். விளக்கத்துக்கு உதவினால் அந்த 4-க்குள் பலன் கிடைக்கும். தனி வரி வைத்தால் வண்ண அட்டை ஒட்டி மதிப்பெண் வாங்கும் வேலைதான் நடக்கும்.

---

மணியடிக்கும் நேரம்

மேலே சொன்ன தாளோடு எனக்குச் சண்டையில்லை. நடத்தும் முறையைப் பற்றி எழுதுகிறேன், உங்கள் மூன்றாவது சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

கணக்கு: உரை 3 நிமிடம், கேள்வி 1 நிமிடம், மதிப்பெண் எழுத 1 நிமிடம், ஆள் மாற அரை நிமிடம். ஆக ஐந்தரை நிமிடம். 45-இல் தொடக்கத்தில் 4 நிமிடம் கரைந்துவிடும். மிச்சம் 41-இல் 7 பேர் முடியும். 38 பேருக்கு 6 பாடவேளை. உரையை 4 நிமிடமாக்கினால் ஒரு பாடவேளைக்கு 6 பேர்தான், மொத்தம் 7 பாடவேளை ஆகிவிடும். ஒன்பதாம் வகுப்புக்கு 3 நிமிடம் தாராளம். ஆறு பாடவேளைகளையும் தொடர்ந்து வைக்காமல் வாரத்துக்கு இரண்டாகப் பிரித்தால் பாடமும் நகரும், கேட்பவர்களுக்கும் சலிக்காது. ஒரே மூச்சில் 7 உரைக்கு மேல் கேட்டால் நம் கவனமே மழுங்கிவிடும்.

நேரக்கட்டுப்பாட்டுக்கு வண்ண அட்டைகள் வையுங்கள். மேடைப் பேச்சுப் பயிற்சிக்கான டோஸ்ட்மாஸ்டர்ஸ் சங்கங்களில் 5 முதல் 7 நிமிட உரைக்கு 5-இல் பச்சை, 6-இல் மஞ்சள், 7-இல் சிவப்பு காட்டுவார்கள்; இருபுறமும் 30 விநாடி சலுகை உண்டு. மூன்று நிமிட உரைக்கு அதையே சுருக்கி இரண்டரையில் பச்சை, 2:45-இல் மஞ்சள், 3-இல் சிவப்பு என்று வைக்கலாம். மூன்றரையைத் தாண்டினால் அமைப்பில் 1 குறையும் என்று முதலிலேயே அறிவித்துவிடுங்கள். தனியாக "நேரம்" என்று ஒரு வரி தேவையில்லை. அட்டை காட்டும் வேலையை ஒரு மாணவரிடம் கொடுங்கள். நாம் கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டு உரையையும் கேட்க முடியாது.

ஆங்கிலப் புத்தகங்களில் நிமிடத்துக்கு 120 முதல் 150 சொல் என்று போட்டிருப்பார்கள். அதைத் தமிழுக்கு அப்படியே எடுக்காதீர்கள். வேற்றுமை உருபு, காலம், இடம் எல்லாம் ஒரே சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் நம் சொற்கள் நீளம். அந்த வேகத்தில் பேசினால் மூச்சு வாங்கும். மாணவர் வீட்டில் ஒருமுறை உரக்கப் பேசிப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டு வருவதே சரியான அளவு. மௌனமாகப் படித்து நேரம் பார்த்தவர்கள்தான் மேடையில் ஐந்து நிமிடம் இழுப்பார்கள்.

இப்போது மதிப்பெண் போடும் விதம். உரை ஓடும்போது எண் எழுதாதீர்கள். சான்று மட்டும் எழுதுங்கள். தாளை நெடுக்காக இரண்டாக மடித்து இடப்பக்கம் காதில் விழுந்ததை அப்படியே: "மையக்கருத்து 0:20-இல் வந்தது", "இரண்டாம் பகுதி எங்கே தொடங்கியது தெரியவில்லை", "ஆதாரம் ஒன்று, ஆண்டு சொல்லவில்லை", "ஸ்லைடைப் பார்த்தே பேசினார், 1 நிமிடம்". உரை முடிந்த அந்த ஒரு நிமிடத்தில் இடப்பக்கத்தைப் பார்த்து வலப்பக்கத்தில் எண். எண்ணை முதலில் எழுதினால் மூளை அதற்கேற்ற சான்றுகளைத் தேட ஆரம்பித்துவிடும். முதல் பத்து விநாடிக் குரலில் மயங்கி எல்லா வரியிலும் ஒரு மதிப்பெண் கூட்டிப் போடுவதும் இப்படித்தான் நடக்கிறது. 1920-இலேயே உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக் இதற்கு ஒளிவட்ட விளைவு என்று பெயர் வைத்துவிட்டார். அவர் பார்த்தது ராணுவ அதிகாரிகள் தங்கள் கீழுள்ளவர்களுக்குக் கொடுத்த மதிப்பீடுகளை. ஒரு குணத்தில் உயர்வாகப் போட்டவர்கள், அதோடு தொடர்பே இல்லாத குணங்களிலும் உயர்வாகவே போட்டிருந்தார்கள்.

வரிசைக்கும் ஒரு வார்த்தை. பெயர்ப்பட்டியல் வரிசையில் கூப்பிடாதீர்கள், சீட்டுக் குலுக்குங்கள். மிகச் சிறந்த உரைக்கு அடுத்து வருபவர் உள்ளதைவிட மோசமாகத் தெரிவார், மோசமான உரைக்கு அடுத்தவர் பிரமாதமாகத் தெரிவார். இதற்கு முழு மருந்து கிடையாது. பாடவேளை முடிவில் ஏழு தாள்களையும் பரப்பி வைத்து ஒரு வரியை மட்டும், உதாரணமாக "விளக்கம்" என்ற வரியை, ஏழு பேருக்கும் ஒப்பிட்டுப் பாருங்கள். சான்று ஒன்றாக இருந்து எண் வேறாக இருந்தால் திருத்துங்கள். ஐந்து நிமிட வேலைதான், ஆசிரியர் அறையில் உட்கார்ந்து செய்யலாம். முதல் நாள் பேசியவர்களின் தாள்களைக் கடைசி நாளில் இன்னொருமுறை எடுத்துப் பார்ப்பதும் அவசியம். ஆறு பாடவேளைக்குள் நம் அளவுகோல் தானாகவே இளகும் அல்லது இறுகும்.

---

நிறுத்தற்குறி

நான்காம் பெஞ்ச் சொன்னதில் ஒன்றை மறுக்கிறேன். குரலுக்கும் உடல்மொழிக்கும் 25-இல் 4 மட்டும் என்பது மிகக் குறைவு. கேட்காத தகவல் தகவலே இல்லை. தரையைப் பார்த்து முணுமுணுத்தவர் 21 வாங்க வாய்ப்பிருக்கிறது என்றால் அது எழுத்துக் கட்டுரைக்கான தாள் ஆகிவிடும். அமெரிக்காவின் தேசியத் தொடர்பியல் சங்கம் வகுப்பறை உரைகளுக்காக உருவாக்கிய மதிப்பீட்டுப் படிவத்தில் எட்டுத் திறன்கள் உண்டு. நான்கு தயாரிப்பைச் சேர்ந்தவை: தலைப்பைத் தேர்ந்து சுருக்குவது, நோக்கத்தைச் சொல்வது, ஆதாரம் தருவது, ஒழுங்குபடுத்துவது. நான்கு வழங்குவதைச் சேர்ந்தவை: மொழி, குரல் வேறுபாடு, உச்சரிப்பும் இலக்கணமும், உடல் அசைவு. பாதிக்குப் பாதி.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். உள்ளடக்கத்தில் ஒன்று, தலைப்பில் ஒன்று குறைத்து வழங்கலை 6 ஆக்குங்கள். ஆனால் அந்த 6 எதற்கு என்பதில் கறாராக இருக்க வேண்டும்: கடைசி பெஞ்சுக்குக் கேட்டது 2, வேகமும் நிறுத்தமும் பொருளுக்கு ஏற்ப இருந்தது 2, குறிப்பைவிட ஆட்களை அதிகம் பார்த்தது 2. கை நடுக்கம், முகம் சிவத்தல், குரலில் லேசான பதற்றம் எதற்கும் குறைக்கக் கூடாது. அவை செயல் அல்ல, உடலின் எதிர்வினை. கை அசைப்பதற்கு மதிப்பெண் என்று சொன்னால் பொம்மலாட்டம்தான் பார்க்க வேண்டிவரும்.

திக்குவாய் உள்ள மாணவருக்கு நேர வரம்பை எடுத்துவிடுங்கள், "வேகமும் நிறுத்தமும்" என்ற வரியில் திக்கலை எண்ணாதீர்கள். பயம் மிக அதிகமுள்ளவருக்கு ஆறேழு பேர் கொண்ட சிறு குழு முன் பேச வாய்ப்பு கொடுக்கலாம், தாள் மட்டும் அதேதான். வீட்டில் பதிவுசெய்த வீடியோவை ஏற்பதில் எனக்கு உடன்பாடில்லை. இருபது முறை எடுத்து நல்லதை அனுப்புவார்கள், எதிரே இருப்பவர் முகம் பார்த்து விளக்கத்தை மாற்றும் திறன் அதில் வரவே வராது. மேடைப் பயத்தை அளக்கத் தொடர்பியல் ஆய்வாளர் மெக்ரோஸ்கி 1970-இல் வெளியிட்ட 34 கூற்றுகள் கொண்ட சுயமதிப்பீட்டுப் பட்டியல் ஒன்று உண்டு. யாருக்கு எவ்வளவு பயிற்சி தேவை என்று அறியப் பயன்படுத்தலாம், மதிப்பெண்ணோடு அதைச் சேர்க்கவே கூடாது.

மொழி பற்றி யாரும் சொல்லவில்லை. பேச்சு நடையா எழுத்து நடையா என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரண்டும் சரி, எதைத் தேர்ந்தாலும் அதிலேயே நிற்க வேண்டும் என்று வைத்தால் போதும். செந்தமிழில் தொடங்கி, சொல் தடுமாறியதும் பேச்சு நடைக்கு வழுக்கி, மறுபடி செந்தமிழுக்கு ஏறுபவர் பெரும்பாலும் மனப்பாடம் செய்தவர். ழகர ளகர லகரத்துக்குத் தொட்டதற்கெல்லாம் மதிப்பெண் குறைக்காதீர்கள். பொருள் மாறினால் மட்டும் குறையுங்கள். கலைச்சொல் வந்த முதல் இடத்திலேயே விளக்கினாரா என்பதுதான் தகவல் உரையில் மொழிக்கான பெரிய அடையாளம்.

---

அடிக்குறிப்பு

ஆதாரம் என்ற 3 மதிப்பெண்ணை விவரிக்கிறேன், அதோடு இப்போதைய பெரிய தலைவலியையும்.

வாயால் ஆதாரம் சொல்வது என்றால் மூன்று விஷயம்: யார் சொன்னது, எப்போது, எந்த வகை வெளியீடு. "உலக வானிலை அமைப்பு இந்த ஆண்டு வெளியிட்ட அறிக்கைப்படி" என்றால் மூன்றும் வந்துவிட்டன. "இணையத்தில் பார்த்தேன்", "கூகுளில் இருக்கிறது", "விஞ்ஞானிகள் கூறுகிறார்கள்" மூன்றுக்கும் சுழியம். கடைசி ஸ்லைடில் இணைய முகவரிகளை வரிசையாகப் போடுவதும் சுழியம்தான், கேட்பவருக்கு எந்தத் தகவல் எங்கிருந்து வந்தது என்று தெரிவதில்லை. தகவல் வரும் இடத்திலேயே சொல்ல வேண்டும். மூன்று நிமிடத்துக்கு இரண்டு ஆதாரம் போதும். நான்கைந்து கேட்டால் உரை முழுக்கப் பெயர்ப்பட்டியல் ஆகிவிடும்.

தலைவலி: எழுதிக்கொடுத்த உரை. வீட்டில் பெரியவர் எழுதினாலும் செயற்கை நுண்ணறிவுச் செயலி எழுதினாலும் அறிகுறி ஒன்றே. வாக்கியங்கள் ஒரே நீளம், எங்கும் திருத்தம் இல்லை, மூச்சு விடும் இடம் பொருள் முடியும் இடத்தோடு பொருந்தாது. ஆனால் சந்தேகத்தை வைத்து மதிப்பெண் குறைக்க முடியாது, குறைக்கவும் கூடாது. நடைமுறையை மாற்றுங்கள்.

உரைக்கு இரண்டு நாள் முன் ஒரு பக்கத் திட்டம் கைப்பட எழுதி வர வேண்டும்: மையக்கருத்து ஒரு வாக்கியம், பகுதிகளின் தலைப்பு, ஒவ்வொன்றின் கீழ் இரண்டு குறிப்பு, ஆதாரங்கள். முழு வாக்கியம் கூடாது. மேடைக்கு உள்ளங்கை அளவு அட்டை மூன்று மட்டும், அதில் சொற்கள், எண்கள், பெயர்கள் மட்டும். முழு உரையை எழுதி எடுத்துவந்தால் வாங்கி வைத்துவிட்டு அட்டை எழுத இரண்டு நிமிடம் கொடுங்கள். அதற்குமேல் சண்டை வேண்டாம்.

கேள்விக்கான 2 மதிப்பெண்ணின் உண்மையான பயன் இங்கேதான். "வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறாயா" என்று கேட்டால் பயனில்லை. "இரண்டாம் பகுதியில் சொன்னதை வேறு உதாரணம் வைத்துச் சொல்" அல்லது "நீ சொன்ன அந்த எண் பாதியாக இருந்தால் என்ன ஆகும்" என்று கேளுங்கள். புரிந்து பேசியவர் தடுமாறினாலும் ஏதாவது ஒரு வழியில் வந்து சேர்வார். ஒப்பித்தவர் அதே வாக்கியத்தைத் திரும்பச் சொல்வார். "எனக்குத் தெரியவில்லை, ஆனால் இந்த இடத்தில் தேடுவேன்" என்ற பதிலுக்கு 1 கொடுங்கள். அடித்துவிட்ட தவறான பதிலுக்கு 0.

---

கரும்பலகை

எல்லோருக்கும் நன்றி. நிறுத்தற்குறி சொன்னபடி 2, 5, 7, 3, 6, 2 என்று பிரித்துக்கொள்கிறேன், கூட்டல் 25 வருகிறது. உள்ளடக்கத்தின் 7-ஐ 4 சரித்தன்மை, 3 விளக்கம் என்று வைக்கலாமா, 3 சரித்தன்மை, 4 விளக்கம் என்று வைக்கலாமா?

இன்னும் இரண்டு சந்தேகம். கேட்கும் மாணவர்களையும் மதிப்பெண் போடச் சொல்லலாமா? இன்னொரு பிரிவின் ஆசிரியரோடு ஒத்துப்போக என்ன செய்ய வேண்டும்? இருவர் மதிப்பெண்ணின் சராசரியை எடுத்தால் போதாதா?

---

நான்காம் பெஞ்ச்

விளக்கத்துக்கு 4, சரித்தன்மைக்கு 3. திட்டத்தை இரண்டு நாள் முன்பே வாங்கிவிடுவதால் பெரிய பிழைகள் அங்கேயே பிடிபட்டிருக்கும். மேடையில் தெரியப்போவது விளக்கம்தான். வழங்கலுக்கு 6 என்பது எனக்கு இன்னும் அதிகமாகத்தான் படுகிறது, ஆனால் அதை மூன்று இரண்டுகளாக உடைத்திருப்பதால் ஒத்துக்கொள்கிறேன்.

மாணவர்கள் மதிப்பெண் போட வேண்டாம். நண்பனுக்கு 25, பிடிக்காதவனுக்கு 10 என்று போகும். எல்லோரும் பேசிவைத்துக்கொண்டு 23 போடுவதும் நடக்கும். அவர்களிடமிருந்து வேறொன்றைக் கேளுங்கள். ஒவ்வொரு உரைக்கும் குலுக்கலில் ஐந்து பேர், ஆளுக்கு ஒரு துண்டுச்சீட்டு, ஒரு நிமிடம் (நீங்கள் மதிப்பெண் எழுதும் அதே நிமிடம்தான், கூடுதல் நேரம் இல்லை). சீட்டில் ஒரே வரி: "இந்த உரையிலிருந்து நான் அறிந்தது". ஐந்து சீட்டையும் மாணவரின் திட்டத்தில் உள்ள மையக்கருத்தோடு ஒப்பிடுங்கள்.

தேனீக்கள் திசை சொல்வது பற்றிய உரை என்று வையுங்கள். ஐந்து சீட்டிலும் "தேனீ நடனம் ஆடும்" என்றுதான் இருக்கிறது என்றால் வேடிக்கை போய்ச் சேர்ந்தது, தகவல் போய்ச் சேரவில்லை. "கூட்டில் செங்குத்திலிருந்து எவ்வளவு சாய்ந்து ஆடுகிறதோ, வெளியே சூரியன் இருக்கும் திசையிலிருந்து அவ்வளவு விலகி உணவு இருக்கிறது" என்பதன் பொருள் மூன்று சீட்டிலாவது வந்திருந்தால் விளக்கம் வென்றுவிட்டது. உங்கள் முதல் சிக்கலுக்கு இதைவிட நேரான தீர்வு எனக்குத் தெரியவில்லை. கணீர்க் குரல்காரருக்கு ஐந்து வெற்றுச் சீட்டு வரும், தயங்கிப் பேசியவருக்கு நான்கு நிறைந்த சீட்டு வரும்; விளக்கத்துக்கு 4 போடலாமா 2 போடலாமா என்று நீங்கள் தடுமாற வேண்டியதில்லை.

---

நிறுத்தற்குறி

சீட்டு நல்ல யோசனை, ஆனால் அதை மதிப்பெண்ணாக நேரடியாக மாற்றாதீர்கள். குலுக்கலில் வந்த ஐந்து பேரும் கவனிக்காதவர்களாக இருந்தால் பேசியவர் என்ன செய்வார்? அடுத்தது தன் முறை என்று பதறிக்கொண்டிருப்பவர் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார், அவரைக் குலுக்கலில் சேர்க்காதீர்கள். உங்கள் குறிப்பும் சீட்டும் ஒத்துப்போனால் சரி. முரண்பட்டால் உங்கள் குறிப்பை மறுபடி பாருங்கள், அவ்வளவுதான். நமக்குப் பாடம் ஏற்கனவே தெரியும் என்பதால் மாணவர் விட்டுவிட்ட படியை நாமே மனதில் நிரப்பிக்கொள்வோம். சீட்டு பிடிப்பது அதைத்தான்.

சீட்டுகளை அந்த மாணவரிடமே கொடுத்துவிடுங்கள், பெயர் இல்லாமல். ஆசிரியர் கருத்தைவிட அதை ஆர்வமாகப் படிப்பார்கள்.

---

மணியடிக்கும் நேரம்

சராசரி வேண்டாம். 14-க்கும் 20-க்கும் சராசரி 17 என்று எழுதினால் கருத்து வேறுபாடு தீரவில்லை, மறைந்திருக்கிறது. அடுத்த உரையிலும் அதே 6 வரும்.

செய்ய வேண்டியது இது. பழைய உரைப் பதிவுகள் மூன்று எடுங்கள்: ஒன்று நன்று, ஒன்று நடுத்தரம், ஒன்று சுமார் (மாணவரிடமும் வீட்டாரிடமும் அனுமதி வாங்கிய பதிவு மட்டும்). இருவரும் பேசாமல் தனித்தனியே மதிப்பெண் போடுங்கள். பிறகு மொத்தத்தை ஒப்பிடாமல் வரிவரியாக ஒப்பிடுங்கள். மொத்தம் ஒன்றாக வந்து வரிகள் எதிரெதிராகப் போயிருக்கும், அது தற்செயல். ஒரு வரியில் 1 வித்தியாசம் இருந்தால் விடுங்கள். 2 இருந்தால் இருவரும் இடப்பக்கச் சான்றைப் படித்துக் காட்டுங்கள். பெரும்பாலும் இருவரும் ஒரே விஷயத்தைக் கேட்டிருப்பீர்கள், தாளின் வாசகம்தான் இரண்டு பொருள் தந்திருக்கும். அப்போது திருத்த வேண்டியது வாசகத்தை. "ஆட்களை அதிகம் பார்த்தார்" என்பதில் "அதிகம்" எவ்வளவு என்று சண்டை வந்தால் "வகுப்பின் இடம், நடு, வலம் மூன்று பக்கமும் பார்த்தார், குறிப்பைப் பார்த்தது ஒரு நேரத்தில் சில விநாடிகள் மட்டும்" என்று மாற்றுங்கள். மூன்று பதிவும் முடிய ஒரு மணி நேரம் ஆகும்.

ஒரு எச்சரிக்கை. ஒத்துப்போக வேண்டும் என்ற அழுத்தத்தில் இருவரும் எல்லோருக்கும் 5-க்கு 3 போட ஆரம்பித்தால் நூறு சதவீதம் ஒத்துப்போவீர்கள், மதிப்பெண்ணுக்கு ஒரு பயனும் இருக்காது. புள்ளியியலில் தற்செயல் ஒற்றுமையைக் கழித்துப் பார்க்கும் கப்பா என்ற அளவை ஜேக்கப் கோஹன் 1960-இல் கொண்டுவந்தது இதனால்தான். நீங்கள் கணக்கெல்லாம் போட வேண்டாம். ஒவ்வொரு வரியிலும் முழு அளவும் பயன்படுகிறதா, 38 தாளில் 1-ம் 5-ம் எங்காவது தென்படுகிறதா என்று பார்த்தால் போதும்.

உண்மையான உரைகள் தொடங்கிய பிறகு ஆறில் ஒன்றை மட்டும் இருவரும் கேட்டால் போதும், அதாவது ஆறேழு உரை. நேரடியாக வர முடியாவிட்டால் ஒலிப்பதிவு உதவும், ஆனால் கண் பார்வைக்கான 2-ஐ அதில் விட்டுவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

---

அடிக்குறிப்பு

ஒன்று விட்டுப்போயிற்று. தாளை உரைக்கு ஒரு வாரம் முன்பே மாணவர் கையில் கொடுங்கள், அதோடு ஒரு மாதிரி உரைக்கு வகுப்பே சேர்ந்து அந்தத் தாளை வைத்து மதிப்பெண் போட்டுப் பார்க்கட்டும். அரைப் பாடவேளை போதும்.

கருத்து எழுதும்போது பத்து குறை எழுதாதீர்கள். வேலை செய்த ஒன்று, அடுத்த உரையில் மாற்ற வேண்டிய ஒன்று, இரண்டும் குறிப்பிட்ட இடத்தைச் சுட்டி. "இன்னும் பயிற்சி தேவை" என்பதை வைத்து யாராலும் எதையும் திருத்த முடியாது. "மூன்றாம் பகுதி தொடங்கியபோது ஒரு இணைப்பு வாக்கியம் இல்லை, அதனால் உதாரணம் எதற்கு என்று தெரியவில்லை" என்றால் திருத்த முடியும். மறுநாளுக்குள் கையில் கிடைக்க வேண்டும். ஆறு பாடவேளையும் முடிந்த பிறகு மொத்தமாகக் கொடுத்தால் முதல் நாள் பேசியவருக்குத் தான் என்ன பேசினோம் என்பதே மறந்திருக்கும். உச்சரிப்புக் குறைகளை மட்டும் வகுப்பின் முன் சொல்லாதீர்கள், தாளில் எழுதிக் கொடுத்தால் போதும்.

---

கரும்பலகை

ஐந்து சீட்டு முறையை ஏழு பேர் கொண்ட முதல் பாடவேளையில் சோதித்துப் பார்க்கிறேன். மாதிரி உரைக்கு எந்தத் தலைப்பு எடுக்கலாம்?

---

நான்காம் பெஞ்ச்

நிலநடுக்க எண்ணையே எடுங்கள். வேண்டுமென்றே இரண்டு குறை வைத்துப் பேசுங்கள்: முன்னறிவிப்பு இல்லாமல் தொடங்குவது, ஆதாரத்தை "ஆய்வுகள் கூறுகின்றன" என்று விடுவது. வகுப்பில் எத்தனை பேர் பிடிக்கிறார்கள் என்று பாருங்கள். பாதிப் பேருக்கு மேல் பிடிக்கவில்லை என்றால் தாளின் வாசகம் அவர்களுக்கு இன்னும் புரியவில்லை, உரைகளை ஒரு வாரம் தள்ளிவையுங்கள்.